அப்பாவிடம் ரிப்பேருக்கு வந்த டார்ச்சுகள்

அப்பா கரண்டாபீசில் வேலை பார்த்தவர். இதைக் கேட்டதும், கோவிலைச் சுற்றிய பழைய கோட்டைக்குள், எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: பல்பு எரிகிற எந்தச் சாமானையும் அவருக்கு ரிப்பேர் பண்ணத் தெரியும். உண்மையில் அவர் அங்கே கிளார்க். லைன்மேன்களின் லீவுக் கணக்கு எழுதுவதுதான் வேலை. மின்கம்பத்தை அவரும் எங்களைப் போலவே பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். வீட்டில் ஃப்யூஸ் போனால் அம்மாதான் முக்காலி போட்டு ஏறுவாள். அப்பா கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொள்வார்.

தெருவில் இதை யாரும் விசாரிக்கவில்லை. யார் வீட்டில் டார்ச் எரியாமல் போனாலும் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். 'எனக்குத் தெரியாது' என்று அப்பா சொல்லியிருக்கலாம். அது அவரால் முடியாது. ஒருத்தர் நம்பி ஒரு சாமானை நீட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று நினைக்கிற மனிதர். வாங்கிக்கொள்வார். வந்தவரை உட்காரச் சொல்வார். மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். ஸ்பிரிங்கை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம், "அடுத்த ஆழ்ச்ச பாக்கறேன்" என்பார்.

வாரம் என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. பல தலைமுறையாக மலையாளத்தோடு குடித்தனம் பண்ணியதில் அது ஆழ்ச்சையாகிவிட்டது. அடுத்த ஆழ்ச்சையில் அப்பா எந்த டார்ச்சையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. கொடுத்தவர்களும் திரும்பி வந்து கேட்டதில்லை. புது டார்ச் வாங்கிக்கொண்டார்கள். அது கெட்டதும் அதையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இப்படிச் சேர்ந்ததெல்லாம் கூடத்து மூலையில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நிக்கல் பூச்சு உரிந்த டார்ச், பித்தளை டார்ச், முழங்கை நீளத்துக்கு ஐந்து பேட்டரிக் கட்டை விழுங்குகிற டார்ச், மேலே கைப்பிடி வைத்த எமர்ஜென்சி லைட், ரேடியோவும் டார்ச்சும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டுமே வேலை செய்யாத ஒரு வஸ்து. பெட்டியைத் திறந்தால் கட்டை கசிந்து காய்ந்த வெள்ளைப் பொடியின் புளித்த வாசனை வரும். ஒன்றுகூட எரியாது. பழுதில்லாத ஒரே ஒரு டார்ச் அம்மாவுடையது. அதை அவள் அப்பாவின் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது. நான் ஒரே பெண். அதே ஊரின் இன்னொரு பக்கம், வட்டியூர்க்காவில் ஆறாவது மாடியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். கணவருக்கு மங்களூரில் வேலை, லீவுக்கு வருவார். நான் வங்கியிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். அப்பா கோட்டைக்குள் தனியாக இருந்தார். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன்.

"சாப்டயா, அப்பா?"

"சாப்டேன்."

"எப்படி இருக்கே?"

"சுகம்."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவார். ஆழ்ச்சைக்கு ஒரு தடவை நேரில் போவேன். போகும்போதெல்லாம் பெட்டியில் புதிதாக ஏதாவது ஒரு பழைய டார்ச் கிடக்கும். எனக்கு எரிச்சலாக வரும். எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, அதிலேயே லைட் இருக்கிறது. இந்தத் தெரு மட்டும் மச்சிலிருந்து தாத்தா காலத்து டார்ச்சைத் தேடி எடுத்து ஒரு லீவு கிளார்க்கிடம் ரிப்பேருக்குக் கொடுக்கிறதே, இவர்களுக்கெல்லாம் மூளை எங்கே போயிற்று என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

போன வருஷம் மீனமாச வெயிலில், பங்குனியில், அடுக்களை ஓடு மாற்ற ஒரு மேஸ்திரி வந்தார். ஏணியை வைப்பதற்கு முன்னால் கூடத்தில் நின்று உத்தரத்தைப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் புட்டு மாவு மாதிரி கொட்டியது.

"சிதல்" என்றார். கரையான். "எடவப்பாதிக்கு மும்பே இவிடந்நு மாறணம்."

எடவப்பாதி என்பது ஜூன் மாச மழை. அதற்கு முன்னால் இங்கிருந்து மாறிவிட வேண்டும். மச்சு முழுக்க அந்த உத்தரத்தின் மேல்தான் நிற்கிறது. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு பொதுவானவை. கழற்றிப் போட்டுச் சரிபண்ணுவதென்றால் அவர்கள் சம்மதமும் வேண்டும், மாசக்கணக்கில் ஆகும். மழையில் மரம் நனைந்து ஊறினால் யாரும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று மேஸ்திரி ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"ஓடு மாத்தாமயே போறானே" என்றார் அப்பா. அவருக்கு அந்த நிமிஷத்தில் அதுதான் கவலை.

அப்பாவின் கட்டில் அந்த உத்தரத்துக்கு நேர் கீழே இருந்தது. மழைக்கு முன்னால் அவரை என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. சண்டை வரும், அழ வேண்டியிருக்கும் என்றெல்லாம் தயாராகத்தான் பேச்சை எடுத்தேன்.

"வரேன்" என்றார் உடனே. "பின்னே, அந்த டார்ச்செல்லாம் மத்தவாளோடது. அதைக் குடுக்காம எப்படி வரது?"

"எல்லாம் குப்பை, அப்பா."

"குப்பையோ என்னவோ. ரிப்பேர் பண்ணித் தரேன்னு வாங்கி வெச்சது. மத்தவா சாமானை வெச்சுண்டு வீட்டைப் பூட்டிண்டு போனா என்ன பேர் அதுக்கு?"

நான் வங்கியில் கேட்பாரற்ற டெபாசிட்டுகளைப் பார்க்கும் செக்‌ஷனில் இருந்தவள். பல வருஷம் யாரும் தொடாத கணக்கை என்ன செய்வது என்பதற்கு அங்கே ஒரு விதி இருந்தது. டார்ச்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால் முதலில் குறுக்கு வழியில் போனேன்.

மாசா மாசம் கார்ப்பரேஷனிலிருந்து பச்சைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக் வாங்கிப் போவார்கள். பால் கவரைக் கழுவிக் காயப்போட்டுக் கொடுக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வருகிற நாளாகப் பார்த்துப் போய், அப்பா குளிக்கிற நேரத்தில் ஒரு பை நிறைய டார்ச்சை நீட்டினேன். ஒருத்தி எடுத்துப் பார்த்தாள். இதில் இரும்பு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, உள்ளே கட்டை வேறு உருகி ஒட்டியிருக்கிறது, இது எங்கள் சாக்கில் சேராது, எலக்ட்ரானிக் சாமான் எடுக்கும்போது சொல்கிறோம், அப்போது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துத் துடைத்து வையுங்கள் என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஈரத்துண்டோடு அப்பா வந்து நின்றார். என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில், அந்த வீட்டில் திருடியது நான்தான் என்று ஆகிவிட்டது.

சரி, திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று இறங்கினேன். எப்படியும் அடையாளம் இருக்கும் என்று நம்பினேன். எங்கள் தெருவில் ஒரு பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். கல்யாணம், சிராத்தம் என்று பாத்திரங்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கும், கலந்துவிடக் கூடாதே என்பதற்காக. அந்தப் பழக்கத்தில் பித்தளை டார்ச்சுகளிலும் பாத்திரக் கடையில் கொடுத்து அடியில் எழுத்து வெட்டியிருந்தார்கள். நான் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து துடைத்துத் துடைத்துப் படித்தேன். பெரும்பாலும் ஒரே எழுத்து. தெருவில் பாதி ஆண்களுக்குக் கோவில் சுவாமியின் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு அவர்களுடைய தாத்தாவின் பேர், அந்தத் தாத்தாவுக்கும் சுவாமியின் பேர். இவ்வளவு பேரும் தங்கள் சாமானைப் பிரித்து அறிவதற்காக ஒரே எழுத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள்.

"எழுத்தைப் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றார் அப்பா. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகக் கையில் வாங்கினார். இது கோடி வீடு, ஸ்விட்சு பக்கவாட்டில் தேய்ந்திருக்கிறது. இது சிவப்புக் கதவு வீடு. இது எதிர்வீட்டு மாமி, கழுத்தில் நசுங்கல் இருக்கிறது, அவளுடைய ஆத்துக்காரர் இதால் தேங்காய் உடைக்கப் பார்த்தார். ஒன்றில்கூட அவர் தடுமாறவில்லை. ரிப்பேர்தான் வராதே தவிர, யாருடையது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

கோடி வீடு இப்போது யாத்ரீகர்களுக்கு அறை விடும் லாட்ஜ். வரவேற்பில் இருந்த பையன் டார்ச்சை வாங்கி, இதை ஷோவுக்கு வைக்கலாமா என்று முதலாளிக்குப் போட்டோ அனுப்பினான். வேண்டாம் என்று பதில் வந்தது. சிவப்புக் கதவு வீட்டில் ஒரு மாமி, "இது எங்களோடது இல்லையே, எங்களோடதுல சேப்புப் பட்டன் இருந்தது" என்று சொல்லி, பையிலிருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் பரப்பி, அதில் சிவப்புப் பட்டன் வைத்த இன்னொரு வீட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர், "அது எங்க டார்ச்" என்று வந்தார். எரியாத ஒரு டார்ச்சுக்காக இரண்டு வீட்டாரும் என் முன்னால் நின்று பேசினார்கள். கடைசியில், "நீங்க வெச்சுக்கோங்கோ", "இல்லை, நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று இருவரும் ஒரே நேரத்தில் பெருந்தன்மையாகி, டார்ச் என் பைக்கே வந்துவிட்டது.

வாங்கிக்கொண்டவர்கள் இன்னும் மோசம். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. கிண்ணத்தில் பாயசம் வந்தால் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தர மாட்டார்கள். டார்ச்சைத் திருப்பித் தந்ததும் உள்ளே போய், கொசு அடிக்கிற பேட்டைக் கொண்டுவந்தார்கள்.

"இது சார்ஜ் ஏற மாட்டேங்கறது. மாமாகிட்ட ஒண்ணு பாக்கச் சொல்லு, கேட்டயோ?"

"அவர் ஊரை விட்டே... வீட்டை விட்டே வரப்போறார், மாமி."

"சாரமில்லை, பரவாயில்லை. மெள்ளப் பாக்கட்டும்."

ஒரு வீட்டில் பேட். ஒரு வீட்டில் பாட்டுப் பாடுகிற விளக்கு. ஒரு வீட்டில் காலிங்பெல். நான் டார்ச்சோடு போய் வேறு சாமானோடு திரும்பினேன். அப்பா எல்லாவற்றையும் வாங்கி, ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, பெட்டியில் வைத்தார். பெட்டி முன்பு மூடியது. இப்போது மூடவில்லை.

"இதெல்லாம் குடுத்துட்டு வரேன்" என்றார்.

அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உண்மையாகவே அந்தக் கொசு பேட்டைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை, மேஸ்திரி சொன்ன தேதிக்குக் காத்திருக்கவில்லை. கோடை மழை ஒன்று மத்தியானம் நான் அங்கே இருக்கும்போதே அடித்துக்கொண்டு பெய்தது. ஒரு மணி நேரம்தான். நின்ற பிறகு மேலே எலி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மச்சுப் பலகையில் ஒரு துண்டு பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது, கூடவே ஒரு முறம் மண். அப்பா அப்போது ஜன்னல் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். எழுந்து வந்து பார்த்தார்.

"வெறும் பொடிதான்" என்று சொல்லி விளக்குமாறை எடுக்கப் போனார்.

வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். "பொடியா? நீ அங்க படுத்துண்டிருந்தா? யாரோ குடுத்த ஓட்டை டார்ச்சுக்காகத் தலையில மச்சு விழுந்து சாகப்போறியா? ஒரு டார்ச்சாவது ரிப்பேர் பண்ணியிருக்கியா நீ? ஒண்ணே ஒண்ணு? லீவு எழுதற கிளார்க்குனு அவாகிட்ட ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தா இந்தப் பெட்டியே இருந்திருக்காதே!"

அப்பா விளக்குமாறோடு நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நனைஞ்சிருக்கு, வழுக்கும், பாத்து வா" என்றார். பெருக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் இல்லை, பயத்தில்.

என் குரல் எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. எதிர்வீட்டு மாமி, முட்டி வலியால் இப்போதெல்லாம் தெருவைக் கடக்க முடியாதவள், ஜன்னலிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போனேன். தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரிந்தவள் அவள். முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள்.

"என்னத்துக்கு அவரைச் சத்தம் போட்டே?"

"பின்னே என்ன மாமி? நீங்களெல்லாம் சேர்ந்து அவரைப் பைத்தியக்காரனா ஆக்கிண்டிருக்கேள். அவருக்கு ரிப்பேர் தெரியாது. கரண்டாபீசில லீவு எழுதிண்டிருந்தார். அவ்வளவுதான்."

"தெரியுமே" என்றாள் மாமி.

"என்ன தெரியும்?"

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. தெருவுக்கே தெரியும். உங்கம்மாவே சொல்லிச் சிரிப்பாளே."

"பின்னே ஏன் கொண்டுவந்து குடுத்தேள்?" என்றேன்.

"ஆதியில தெரியாமத்தான் குடுத்தோம். அப்புறம் தெரிஞ்சது. விட்டுட்டோம். உங்கம்மா போனப்புறம் அந்த மனுஷன் கதவையே திறக்கறதில்லை. போய் நின்னு எப்படி இருக்கேள்னு கேட்டா 'சுகம்'னு சொல்லிட்டு மூடிடுவார். கூட ஒரு வார்த்தை வராது. உள்ள என்ன பண்றார், சாப்ட்டாரா, விழுந்து கிடக்காரா, யாருக்குத் தெரியும்? ஒரு நாள் எங்காத்து டார்ச்சைத் தூக்கிண்டு போனேன். கதவைத் திறந்து உள்ள வாங்கோன்னு கூப்ட்டார். அரைமணி நேரம் பேசினார். அப்புறம் எல்லாரையும் போகச் சொன்னேன். யாருக்கு எப்ப முடியறதோ அப்ப." மாமி முட்டியைத் தடவிக்கொண்டாள். "ஆனா, தெருவுல டார்ச் தீந்து போச்சு. எல்லாம் மச்சுலேர்ந்து தேடி எடுத்ததாக்கும். அதான் இப்ப கொசு பேட்."

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் கூடம் தெரிந்தது. அப்பா கட்டிலை ஓரமாக நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக அதே 'சுகம்' எனக்கும் போனில் வந்துகொண்டிருந்தது. நானும் அவர் சுகமாக இருக்கிறார் என்றுதான் நினைத்து வைத்துவிடுவேன். எனக்கு அவமானமாக இல்லை. அந்தத் தெருவின் மேல் எனக்கு இருந்த அத்தனை எரிச்சலும் போய், வாசலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. மாமி விட மாட்டாள் என்பதால் மோரைக் குடித்து முடித்தேன்.

அப்பாவைக் கிளப்பியதும் மாமிதான். போனில் கூப்பிட்டு, "மாமா, நீங்கோ பொண்ணாத்துக்குப் போங்கோ. பெட்டியையும் எடுத்துண்டு போங்கோ. அங்க உக்காந்து சாவகாசமாப் பாத்து வைங்கோ. எங்களுக்கு அவசரமில்லை" என்றாள். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. சொந்தக்காரர்கள் சம்மதித்து எடுத்துப் போனால் அது வேறு விஷயம். மறுநாளே கிளம்பிவிட்டார். ஆட்டோவைப் பழவங்காடியில் நிறுத்தி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். டிரைவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே அம்மிக்கல்லா என்று கேட்டார். "டார்ச்" என்றார் அப்பா. டிரைவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

எடவப்பாதி வந்தது. நன்றாகப் பெய்தது. வீடு விழவில்லை, ஆனால் மச்சில் பாதி இறங்கிவிட்டதாக மாமி சொன்னாள். கட்டில் இருந்த இடத்தில்தான். நான் பால்கனியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா காய்ந்த கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

ஆனால் அவர் உட்கார்ந்தேதான் இருந்தார். காலையில் பேப்பர். பத்து மணிக்கு மேல் ஜன்னல். கீழே கார்கள் போவதும் வருவதும். எங்கள் ஃபிளாட்டில் ஒருவருக்கொருவர் கார் நம்பர் தெரியும், பேர் தெரியாது. லிஃப்டில் சந்தித்தால் கதவுக்கு மேல் மாறுகிற நம்பரைப் பார்ப்போம். வாசல் மணி அடித்தால் அது பார்சல். பெட்டியை அவர் அறையில்தான் வைத்திருந்தேன். அதை அவர் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு குறைந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒன்றுமில்லை, வயசு என்றார்.

"எப்படி இருக்கே, அப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன். ஒரே அறையில், இரண்டடி தள்ளி நின்று.

"சுகம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த ஒரு பித்தளை டார்ச்சை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு போய், எதிர் ஃபிளாட்டின் மணியை அடித்தேன். அங்கே இருப்பவர் கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிற ஒரு மலையாளி டீச்சர். ஆறு வருஷமாக எதிரும் புதிருமாக இருக்கிறோம். லிஃப்டைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறோம். விஷயத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் டார்ச்சை நீட்டி, இது எரியவில்லை என்றேன்.

டீச்சர் வாங்கி மூடியைத் திருகினார். ஒரே பார்வை. ஸ்பிரிங் அரித்துப்போயிருக்கிறது, உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தால் போதும், பல்பு மாற்ற வேண்டும், உள்ளே வாருங்கள், ஐந்து நிமிஷத்தில் செய்து தருகிறேன் என்றார்.

"தயவு பண்ணிச் சரி பண்ணாதீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டாபீஸ், லீவுக் கணக்கு, தெரு, மாமி, மச்சு. சொல்லச் சொல்ல, இதைவிடப் பைத்தியக்காரத்தனமாக ஒருத்தர் அவரிடம் எதுவும் கேட்டிருக்க முடியாது என்று எனக்கே தெரிந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. மூடியைத் திரும்பவும் மாட்டி, டார்ச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கொறச்சு கழிஞ்ஞு வராம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன்.

வந்தார். மணி அடித்தது. நான் டீவியில் ஏதோ ஒரு சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எழுந்திருக்கவில்லை. அப்பா, பார்சல்காரன் என்று நினைத்து மெதுவாகப் போய்க் கதவைத் திறந்தார்.

"சாரே, இதொன்னு நோக்கித் தருமோ? கத்துன்னில்ல" என்றார் பிசிக்ஸ் டீச்சர். எரியவில்லை, ஒரு தடவை பார்த்துத் தருவீர்களா.

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "கேறி இரிக்கூ" என்று நாற்காலியைக் காட்டினார். டீச்சர் உட்கார்ந்தார். அப்பாவும் உட்கார்ந்தார். மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். ஸ்பிரிங்கை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு டார்ச்சைத் திருப்பினார். அவர் விரல் கழுத்தருகே போய் நின்றது. அங்கே நசுங்கியிருந்தது. அத்தனை டார்ச்சில் நான் அவசரத்தில் எடுத்தது எதிர்வீட்டு மாமியுடையது.

அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சீரியலைப் பார்த்தேன். யாரோ யாரையோ அறைந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

"அடுத்த ஆழ்ச்ச நோக்காம்" என்றார் அப்பா, டீச்சரிடம். டீச்சருக்கு எந்த ஊர், என்ன பாடம், வீட்டில் யார் யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். டீச்சர் பிசிக்ஸ் என்று சொன்னபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, கையிலிருந்த டார்ச்சைப் பார்த்து, மேலே கேட்டார்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"டீச்சருக்குக் காப்பி கொண்டா. இந்த மாடியில இன்னும் மூணு வீடு இருக்கே, பெட்டில டார்ச் பாக்கி இருக்கோல்லியோ?"

"நிறைய இருக்கு, அப்பா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன்.